தேஜ்பூரில் தங்கியவரும் ராசிபுரத்து ஏரியும்

கேள்வி-பதில் பகுதிக்கு ராசிபுரம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். 'எங்கள் ஊர் ஏரி நிறைந்து பல வருடம் ஆகிறது. மூன்று முறை மனு கொடுத்துவிட்டோம். பத்திரிகைக்கு எழுதினால் ஏதாவது நடக்குமா?' இதுதான் கேள்வி. வழக்கமாக எனக்கு வருவது மரவள்ளியில் மாவுப்பூச்சி, தென்னையில் வெள்ளை ஈ, நிலக்கடலைக்கு எப்போது ஜிப்சம் போடுவது என்கிற மாதிரி கேள்விகள். அவற்றுக்கு நான்கு வரியில் பதில் எழுதிவிடலாம். இதற்கு எழுத முடியவில்லை. ஆடிப்பெருக்கு கழிந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் மேட்டூரில் ஆரம்பித்து பரமத்தி வேலூர் வரை பைக்கிலேயே ஒரு சுற்றுப் போய்வந்தேன். அந்த ஏரியையும் பார்த்தேன்.

போகிற வழியெல்லாம் ஒருவரை நினைத்துக்கொண்டே போனேன். பி.ஜி.வர்கீஸ் என்று பெயர். மலையாளக் குடும்பம், பிறந்தது பர்மாவின் மேமியோவில். ஆங்கிலப் பத்திரிகைக்காரர். ஒரு பயிற்சிக்காக டெல்லி போயிருந்தபோது அவருடைய வாழ்க்கை வரலாறான 'ஃபர்ஸ்ட் டிராஃப்ட்' புத்தகத்தை வாங்கினேன். போர்க்களச் செய்தி எழுதியவர், பிற்காலத்தில் ஆறுகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். நம் வாசகரின் கேள்விக்கான பதிலில் பாதி அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

1962 அக்டோபர் 20-ம் தேதி சீனப்படை நம் எல்லைக்குள் வந்தது. வர்கீஸ் அப்போது டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழில் இருந்தார். நவம்பரில் அஸ்ஸாமின் தேஜ்பூருக்குப் போனார். பிரம்மபுத்திரா ஆற்றின் வடகரையில் இருக்கிற ஊர் அது. பொம்டிலா விழுந்துவிட்டது என்று செய்தி வந்ததும், அடுத்தது தேஜ்பூர்தான் என்று ஊரே கிளம்பிவிட்டது. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் ஆற்றைக் கடந்து தென்கரைக்குப் போனார்கள். ஜெயில் கதவைத் திறந்துவிட்டார்கள். மனநல மருத்துவமனையில் இருந்தவர்களையும் வெளியே விட்டுவிட்டார்கள். ஸ்டேட் பாங்கில் நோட்டுக் கட்டுகளை எரித்தார்கள், சில்லறைக் காசை குளத்தில் கொட்டினார்கள். இருந்து காரியம் பார்க்க வேண்டிய மாவட்ட நிர்வாகமும் போய்விட்டது.

அந்த இரவில் ஊரிலேயே தங்கிவிட்ட மிகச் சிலரில் வர்கீஸும், செய்திப்படம் எடுக்கிற பிரேம் பிரகாஷும் இருந்தார்கள். வரப்போவது சீனப்படையா, வேறு என்னவா என்று யாருக்கும் தெரியாது. நவம்பர் 20 நள்ளிரவு தாண்டியதும் சீனா தானாகவே சண்டை நிறுத்தம் அறிவித்தது. படை வரவில்லை. ஆனால் அதிகாரிகள் விட்டுவிட்டுப் போன ஊர் எப்படி இருக்கும் என்று எழுத ஒரு ஆள் அங்கே இருந்தார். அவர் எழுதியிராவிட்டால், எரிந்த நோட்டும் குளத்துக் காசும் வெறும் வதந்தியாகவே போயிருக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் சனிக்கிழமை காலை மேட்டூரில் 16 கண் மதகுப் பாலத்தின் பக்கம் நின்றேன். மதகுகள் மூடியிருந்தன. ஆடிப்பெருக்குக்கு வந்த கூட்டம் விட்டுப்போன பூமாலைகள் படித்துறையில் காய்ந்து கிடந்தன.

வர்கீஸ் 1986-க்குப் பிறகு டெல்லியில் ஓர் ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்து, தண்ணீரைப் பற்றி முழுநேரமாக எழுத ஆரம்பித்தார். 1990-ல் 'வாட்டர்ஸ் ஆஃப் ஹோப்' என்ற பெரிய புத்தகம் வந்தது. கங்கை, பிரம்மபுத்திரா, பாரக் ஆறுகளைப் பற்றியது. இமயமலையில் இறங்கும் தண்ணீரை இந்தியா, நேபாளம், பங்களாதேஷ் எல்லாம் சேர்ந்து தேக்கிப் பங்கிட்டுக்கொண்டால்தான் அந்தச் சமவெளி ஏழைகள் பிழைப்பார்கள் என்பது அவர் கட்சி. எந்த ஆற்றின் கரையில் நின்று ஊர் ஓடுவதைப் பார்த்தாரோ, அதே பிரம்மபுத்திராவைப் பற்றி 28 வருடம் கழித்து எழுதியிருக்கிறார். இடையில் போர் அவரை விட்டுவிடவில்லை. 1999 கார்கில் சண்டைக்குப் பிறகு, எங்கே தவறு நடந்தது என்று ஆராய அரசு அமைத்த நால்வர் குழுவில் அவரும் ஒருவர்.

சுற்றுச்சூழல் எழுத்தாளர் என்றால் அணைக்கு எதிரானவர் என்று நாம் நினைப்போம். இவர் நேர்மாறு. நர்மதை அணை வேண்டும் என்று கடைசி வரை வாதாடினார். 2014 டிசம்பர் 30-ம் தேதி காலமானார். பெரிய அணை விஷயத்தில் அவரோடு எனக்குப் பாதிதான் உடன்பாடு. அந்தப் பாதியையும் மீதியையும் மேட்டூரிலேயே பார்க்கலாம். 1934-ல் கட்டி முடித்த அணை. 120 அடி உயரத்துக்கு நிறைந்தால் 93.47 டி.எம்.சி. இது இல்லாமல் தஞ்சாவூர் நெல் இல்லை. நம் பக்கத்திலும் கிழக்குக்கரை, மேற்குக்கரை வாய்க்கால்களில் 45,000 ஏக்கர் பாசனம் பெறுகிறது. ஆனால் கோடையில் தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடி பரிசல்துறைக்குப் போய்ப் பாருங்கள். மூழ்கிப்போன கோயிலின் நந்தியும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். அங்கே இருந்த ஊர்க்காரர்களின் பேரன்மார் இன்றைக்கும் மானாவாரியில்தான் இருக்கிறார்கள். அணையை ஒட்டிய ஊர்களிலேயே குடிக்கத் தண்ணீர் வாங்கிய கோடை எத்தனை!

அதனால்தான் மேட்டூர் உபரி நீரை 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தது. 565 கோடி ரூபாய். திப்பம்பட்டியில் நீரேற்று நிலையம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு எம்.காளிப்பட்டி ஏரிக்குப் போனேன். முதல் கட்டத்தை 2021-ல் இங்கேதான் தொடங்கிவைத்தார்கள். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "தண்ணி வந்தப்புறம் கெணத்துல ஊத்து வந்துச்சுங்க சார். ஆனா மோட்டார் எப்ப ஓடும், எப்ப நிக்கும்னு எங்களுக்குத் தெரியாதுங்க" என்றார். வானத்தைப் பார்த்தவர்கள் இப்போது மோட்டாரைப் பார்க்கிறார்கள். அணையில் உபரி இருந்தால்தான் மோட்டாரும் ஓடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

தாரமங்கலம் வழியாக மதியம் ஆட்டையாம்பட்டி வந்தேன். வீட்டுக்கு முறுக்கு வாங்காமல் அந்த ஊரைத் தாண்ட முடியாது, வாங்கினேன். பக்கத்தில் திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகரத்துக்குள் புகுந்து வருகிற ஆறு. பாலத்தில் நின்றால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். சாக்கடையும் சாயத் தண்ணீரும் கலந்து நுரையோடு போகிறது. ஆற்றோரக் கிணற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து, பரிசோதனைக்கு என்று பையில் வைத்துக்கொண்டேன். இந்தத் தண்ணீர் பாய்கிற நிலத்தில் களர் ஏறுவதைப் பற்றி இதே பத்திரிகையில் முன்பே எழுதியிருக்கிறேன், திரும்பச் சொல்லவில்லை.

அங்கிருந்து ராசிபுரம் வரை இரண்டு பக்கமும் மரவள்ளிதான். நடுநடுவே ஜவ்வரிசி ஆலைகள். போர் என்றால் எங்கேயோ எல்லையில் நடப்பது என்று நினைக்கிறோம், இந்தச் சாலையே போர் கொடுத்ததுதான். இரண்டாம் உலகப் போரில் மலேயா, சிங்கப்பூர் பக்கமிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனது. அப்போதுதான், 1943 வாக்கில், சேலத்து வியாபாரிகள் இங்கே மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி பண்ண ஆரம்பித்தார்கள். இன்றைக்கு விலை இறங்கினால் ஆலை வாசலில் டிராக்டரோடு காத்துக் கிடக்கிறோமே, அதற்கு அது ஆரம்பம்.

இரவு ராசிபுரத்தில் உறவினர் வீட்டில் தங்கினேன். காலை ஆறு மணிக்கெல்லாம் வாசகர் வந்துவிட்டார். மூன்று ஏக்கர் வைத்திருக்கிறார், இரண்டில் மரவள்ளி, ஒன்றில் நிலக்கடலை. கையில் ஒரு மஞ்சள் பை. அதில் மூன்று மனுக்களின் நகல்.

மூன்றையும் படித்தேன். மூன்றிலும் ஒரே வாசகம். ஏரி வறண்டு கிடக்கிறது, தூர் வாரி ஆவன செய்ய வேண்டும்.

"ஏரி கடைசியா எப்ப நிறைஞ்சதுங்கய்யா?" என்று கேட்டேன்.

"2005 பெருமழையிலங்க சார். கோடி போச்சு, நானே பார்த்தேன்" என்றார்.

கூட வந்த பெரியவர் விடவில்லை. "அது இல்லப்பா, அதுக்கப்புறம் ஒருக்கா முக்காவாசி வந்துச்சு. உம் பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி."

இப்படி ஒரே ஊரில் ஒரே ஏரிக்கு இரண்டு கணக்கு. எழுதி வைத்தவர் யாருமில்லை. அதிகாரி மட்டும் எதை வைத்து எழுதுவார்?

இங்கேதான் வர்கீஸின் இன்னொரு வேலையைச் சொல்ல வேண்டும். 1969-ல் அவர் இந்துஸ்தான் டைம்ஸ் ஆசிரியர் ஆனார். அதற்கு முன் மூன்று வருடம் பிரதமர் இந்திரா காந்திக்குத் தகவல் ஆலோசகராக இருந்தவர். பெரிய அரசியல் செய்திகளை மட்டும் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். அவர் டெல்லிக்கு அருகே ஹரியானாவில் சத்தேரா என்ற சாதாரண கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, 'எங்கள் கிராமம் சத்தேரா' என்று தொடர் ஆரம்பித்தார். அவர் பத்திரிகையின் செய்தியாளர்கள் திரும்பத் திரும்ப அதே ஊருக்குப் போய் எழுதினார்கள். மந்திரி வந்ததை அல்ல. விதை, கடன், சாலை, பள்ளிக்கூடம் என்று அந்த ஊர்க்காரர்கள் அன்றாடம் பேசுகிற விஷயங்களை. வெள்ளம், கொலை என்றால்தான் கிராமத்துக்குப் பத்திரிகைக்காரர் வருவார் என்றிருந்த காலம் அது. செய்தி வர ஆரம்பித்ததும் அதிகாரிகள் வந்தார்கள், வங்கிக்காரர்களும் வந்தார்கள். தலைநகரத்துப் பத்திரிகை கண் வைத்த ஊருக்கு நல்லது நடந்தது, பக்கத்து ஊருக்கு யார் போவார்கள் என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் ஒரே ஊருக்கு விடாமல் போய்ப் பார்த்தால் மட்டும் தெரிகிற விஷயம் என்று ஒன்று உண்டு. 1975-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அதே வருடம் வேலையும் போயிற்று. சிக்கிமை இந்தியாவோடு இணைத்த விதத்தைக் கண்டித்து அவர் எழுதியது ஒரு காரணம். எழுதுகிறவருக்கு இரண்டும் கிடைக்கும் போலிருக்கிறது.

"ஏரிக்குள்ள போக வேண்டாம். தண்ணி வர்ற வழியில மேல நடப்போம்" என்றேன். பெரியவர் குடையை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வரத்து வாய்க்கால் போதமலை அடிவாரப் பக்கமிருந்து வருகிறது. கால் மைல் தூரம் சீமைக்கருவேல முள். அதற்கு மேலே வாய்க்கால் ஓரளவு நன்றாகவே இருந்தது. பிறகு ஒரு தார்ச்சாலை குறுக்கே வந்தது. அடியில் இரண்டு சிமென்ட் குழாய். வாசகர் குனிந்து பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார். குழாயின் அடிமட்டம் வாய்க்கால் தரையைவிட மேலே இருந்தது. என் பையில் எப்போதும் டேப் இருக்கும். அளந்தோம், இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு. மேலிருந்து வருகிற தண்ணீர் அந்த இரண்டு அடி ஏறினால்தான் குழாய்க்குள் நுழையும். அதற்குள் பக்கவாட்டில் கரையை அரித்துக்கொண்டு ஓடையில் இறங்கிவிடுகிறது. இறங்கிய தடம் அப்படியே இருந்தது.

"ரோடு போட்டு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சுங்க சார்" என்றார் பெரியவர். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மூன்று மனுவிலும் கேட்டது தூர் வாருவது. தூர் வாரியிருந்தாலும் இந்த ஏரி நிறைந்திருக்காது. தவறு ஏரியில் இல்லை, ஏரிக்கு ஒரு கிலோமீட்டர் மேலே சாலையில். அதுவும் யாரிடம் கேட்பது என்பதில் குழப்பம். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி என்றால் நீர்வளத்துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். சாலை யார் போட்டது என்பது தனிக் கேள்வி. ஏரிக்கான மனு சாலைக்காரரிடம் போகவே போகாது. வாய்க்காலின் சர்வே எண்ணை கிராம வரைபடத்தில் பார்த்து, எஃப்.எம்.பி. நகலும் எடுத்து, குழாய்க்கும் தரைக்கும் உள்ள அளவு, பார்த்த தேதி, டேப்போடு எடுத்த போட்டோ எல்லாம் சேர்த்து புது மனு எழுதச் சொன்னேன். உட்கார்ந்து எழுதியபோது ஒன்றரைப் பக்கம் வந்தது. 'ஆவன செய்ய வேண்டும்' என்ற சொல் அதில் இல்லை. குழாயை இரண்டு அடி இறக்கிப் பதிக்க வேண்டும் என்று இருந்தது. அதையே பத்திரிகைக்கும் அனுப்புங்கள் என்றேன். கூடவே கரையில் ஒரு கல் நட்டு அடிக்கணக்கைக் கோடு போட்டு, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நோட்டில் எழுத ஒரு கல்லூரிப் பையனை ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

போதமலையைப் பார்த்தபடி டீ குடிக்கும்போது, மரத்தை வைத்தால் மலையில் ஊற்று திரும்புமா என்று பெரியவர் கேட்டார். பிரேசிலில் செபாஸ்தியோ சல்காடோ என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார். 1994-ல் ருவாண்டா நாட்டில் நடந்த படுகொலைகளைப் படமெடுத்து, உடம்பும் மனசும் ஒடிந்து அப்பாவின் பண்ணைக்குத் திரும்பினார். மாடு மேய்ந்து மேய்ந்து மொட்டையாகிப் போன நிலம். அவரும் மனைவியும் 1998-லிருந்து அந்த மண்ணுக்கே உரிய மரங்களை வைக்க ஆரம்பித்தார்கள். 20 லட்சத்துக்கும் மேல். வற்றிய ஊற்றுகள் திரும்பின. 2025 மே மாதம் இறந்தார். இதைச் சொன்னதும் பெரியவர், "அவருக்கு ஆடு இல்லீங்களா?" என்று கேட்டார். வேலி போட்டிருப்பார்கள் என்றேன். நல்ல கேள்விதான். நம் மலையடிவாரத்தில் ஆட்டைக் கேட்காமல் மரம் வைக்க முடியாது.

நாமக்கல்லைத் தாண்டி மதியம் வேலூர்ப் பக்கம் வந்ததும் கண்ணுக்குக் குளுமை. ஜேடர்பாளையத்தில் தடுத்துத் திருப்பிய காவிரித் தண்ணீர் ராஜவாய்க்காலில் ஓடுகிறது. வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கரும்பு. நஞ்சை இடையாறு வரை போய், திருமணிமுத்தாறு காவிரியில் சேருகிற இடத்தையும் பார்த்தேன். முதல் நாள் ஆட்டையாம்பட்டியில் மூக்கைப் பொத்த வைத்த அதே ஆறு. இந்தக் காவிரியைத்தான் கீழே எத்தனையோ ஊர் குடிக்கிறது.

வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆனால் வேலூருக்கு வடக்கே வாய்க்கால் பாயாத மேட்டில் ஒரு மானாவாரி ஊர் இருக்கிறது. இந்தச் சுற்றே ஒரு வகையில் அங்கே போவதற்காகத்தான்.

2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது. 33 சதவிகிதத்துக்கு மேல் பயிர் போயிருந்தால் நிவாரணம். கணக்கெடுக்கப் போன குழுவில் நானும் ஒருவன். ஒரே நாளில் பல ஊர் முடிக்க வேண்டும். இந்த ஊருக்கு வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. ஜீப்பிலிருந்து இறங்கி சாலையோரம் நின்று பார்த்தேன். தென்னை பச்சையாக இருந்தது, அதன் ஓரத்தில் கொஞ்சம் சோளமும் நின்றது. அந்தப் பகுதிக்கு 33-க்குக் கீழே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தென்னைக்கு ஒரே ஒரு ஆழ்துளைக் கிணறு இருந்தது. அதற்குப் பின்னால் மேட்டில் எட்டுக் குடும்பத்தின் சோளம் முழங்கால் உயரத்திலேயே கருகிப்போயிருந்தது. மாட்டுக்குத் தட்டுகூட இல்லை. இது எனக்குத் தெரிந்தபோது பட்டியல் மேலே போய்விட்டது. திருத்த முயன்றேன், முடியவில்லை. எனக்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை. அந்த எட்டு வீட்டில் இரண்டு வீட்டார் அந்தக் கோடையில் மாட்டை விற்றார்கள்.

அந்த எட்டில் ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். வீட்டம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். சொம்பில் மோர் கொடுத்தார். வீட்டுக்காரர் காலமாகி நான்கு வருடம் ஆகிறதாம், மகன் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறாராம்.

"அன்னைக்கு நீங்க ரோட்டுலயே நின்னுட்டுப் போயிட்டீங்கங்க" என்றார். குறை சொல்கிற மாதிரி இல்லை. நடந்ததைச் சொன்னார்.

"ஆமாங்கம்மா, தப்பு என்னோடதுதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இந்த வருசம் சோளம் போடலாமா, கம்பு போடலாமான்னு பையன் கேட்டுக்கிட்டே இருக்கான். மண்ணைப் பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார். செருப்பைத் திண்ணையோரம் விட்டுவிட்டு, அவர் பின்னாலேயே தென்னந்தோப்பைத் தாண்டி மேட்டுக்கு நடந்தேன். செம்மண், அடியில் ஒன்றரை அடியில் சரளை. கம்பு போடச் சொல்லியிருக்கிறேன். மண் மாதிரி எடுத்து வந்திருக்கிறேன், ஆட்டையாம்பட்டித் தண்ணீர் பாட்டிலும் கூடவே பரிசோதனைக்குப் போகிறது. முடிவு வந்ததும் நானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

ராசிபுரத்து வாசகர் நேற்று போன் செய்தார். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்து ரசீது வாங்கிவிட்டாராம். குழாயைப் பார்க்க இன்னும் யாரும் வரவில்லை.